கீலுக்கும் சேத்து வெல்டு வெச்ச முள்ளம்பன்னி

ஒரு காட்டுல, அதான் நடுவால கரண்டு கம்பி போவுமே, அந்தக் காட்டுல ஒரு சிங்கம் இருந்துச்சு. ராஜான்னா ராஜா. ஆனா வேட்டைக்குப் போறதில்ல, முட்டி வலி. குகைக்குள்ள படுத்து செல்போன நோண்டிக்கிட்டே டோக்கன் போட்டுரும். நம்மூர்ல சாப்பாட்டுச் சாமான் வாங்க வரிசையில நிப்போம். அங்க சாப்பாடாவே போய் நிக்கணும். அம்புட்டுதான் வித்தியாசம்.

வரிசையில நிக்குற மானு, "அண்ணே, நீங்கதான மொதல்ல வந்தீங்க, முன்னாடி போங்க"ன்னு காட்டுப்பன்னியத் தள்ளும். பன்னி, "சேச்சே, லேடீஸ் பஸ்ட்டும்மா"ன்னு பம்மும். அப்பிடி ஒரு மரியாதைய நீங்க எந்த வரிசையிலயும் பாத்திருக்க மாட்டீங்க.

ராஜா ஒரு சட்டம் மட்டும் வெச்சிருந்துச்சு. தொழில் பழகுறவங்களுக்கு டோக்கன் கெடையாது. "பழகுற பயலுக எலும்பும் தோலுமா இருப்பானுக. முழுசா கத்துக்கிட்டு, முழுச் சம்பளம் வாங்கித் தின்னு, தொப்ப போட்டு வரட்டும். எனக்கென்ன அவசரம்?"

இதக் கேட்டதும் ஒரு அம்மா முள்ளம்பன்னி, தன் மகன் சுருளிய இழுத்துக்கிட்டு நேரா கரடியோட வெல்டிங் பட்டறைக்குப் போச்சு. கரடிக்கு என்னைக்குமே டோக்கன் கெடையாது. அது முடி ராஜா தொண்டையில சிக்கிக்கும்.

கரடி சொல்லுச்சு: "ரெண்டு வருசம்மா. பழகுறப்பவே மாசாமாசம் சம்பளம் உண்டு. மொத வருசம் ஒட்டுறது, ரெண்டாம் வருசம் வெட்டுறது. முடிச்சா வெல்டர்."

அம்மா மகன் தலையத் தடவப் போயி, முள்ளு குத்தி, கைய உதறிக்கிட்டே சொல்லுச்சு. "நல்லா கத்துக்கய்யா." வாசல் வரைக்கும் போயிட்டுத் திரும்பி ஓடிவந்து காதுல, "ரொம்ப நல்லா கத்துக்காதய்யா!"

சுருளிக்கு வந்த சோதனை என்னன்னா, வேலை புடிச்சுப் போச்சு. அந்த நெருப்பு, அந்தப் பொறி, அந்த ஜர்ர்ருங்குற சத்தம். கரடி வெல்டிங் ராடு புடிக்க விட்டாத்தான? டீ வாங்கிட்டு வா, பைப்பப் புடி, பத்தவெச்ச எடத்துல கரி தட்டு. இதே பொழப்பு.

"அண்ணே, ஒரே ஒரு ராடுண்ணே."

"முதுகு பூராம் ராடு வெச்சிக்கிட்டு கையில ஒண்ணு கேக்குறான் பாரு. போயி டீ சொல்லுடா."

இந்த நேரத்துல ராஜாவுக்கு ஒரு தொல்லை. குரங்குங்க செல்பி எடுக்க குகைக்குள்ளயே வந்துருச்சுங்க. ஒண்ணு ராஜா பிடரியில சாஞ்சுக்கிட்டு, "ராஜா, கொஞ்சம் சிரிங்க"ங்குது. தூக்கம் போச்சு. "போடுடா குகைக்கு ஒரு இரும்பு கேட்டு"ன்னு கரடிக்கு உத்தரவு.

கரடி கேட்டையும் செஞ்சுருச்சு. கடைசி நாளு பாத்து, தண்ணிக்குப் போன பொம்பளக் கரடிங்க முன்னாடி கெத்து காட்டுறேன்னு, "மூஞ்சிக் கண்ணாடியா? அதெல்லாம் சின்னப் பசங்களுக்கு"ன்னு வெறுங்கண்ணோட பத்தவெச்சுச்சு. மறுநாள் கண்ணு ரெண்டும் மண்ணள்ளிப் போட்ட மாதிரி வீங்கி, வெள்ளரிக்கா வில்லைய வெச்சுக்கிட்டுப் படுத்துருச்சு. கரடியில்லையா, அப்பப்ப ஒரு வில்லைய எடுத்துத் தின்னுக்கும்.

"சுருளி, நீ போடா. கேட்ட நிறுத்திருக்கேன். கம்பிங்கள இணைக்கிற குறுக்குப் பட்டையில நாலு பொட்டு வெய்யி. பொட்டு மட்டும். மிச்சத்த நான் வந்து பாத்துக்குறேன்."

சுருளிக்குத் தல கால் புரியல. மெஷினத் தள்ளிக்கிட்டு ஓடுச்சு. ராஜா குகைக்குள்ளயே நின்னுக்குச்சு. வெளிய வந்தா குரங்குங்க போனத் தூக்கிரும்ல. சுருளி அழகா நாலு பொட்டு வெச்சுச்சு.

ராஜா கம்பிக்கு நடுவுல மூக்க நீட்டிப் பாத்துச்சு. "என்னடா இது, கொழந்தைக்குத் திருஷ்டிப் பொட்டு வெச்ச மாதிரி? இது தாங்குமா?"

"கரடியண்ணே பொட்டு மட்டும்தான்னாருங்கய்யா."

"கரடியா ராஜா? நான் ராஜாவா? நெடுக விடுடா!"

நெடுக விட்டுச்சு. மொத மொறையா முழு ராடு! கெளுத்தி... இல்ல இல்ல, கெளுத்திக்கு ஏது செதிலு? கெண்டை மீன் செதில் மாதிரி வரிவரியா விழுந்துச்சு. சுருளிக்கு முள்ளெல்லாம் சிலிர்த்துப் போச்சு.

ராஜா கேட்டப் புடிச்சு ஆட்டுச்சு. "இங்க பாரு, இன்னும் ஆடுது."

"அய்யா, கேட்டுன்னா ஆடணும்ங்கய்யா. அது கீலு. அதுலதான் தொறந்து மூடும்."

"பழகுற பய எனக்குச் சொல்லித் தர்றியா? அந்தக் கீலுலயும் விடு. அந்தத் தாப்பாளு லொடலொடங்குது, அதுலயும் ரெண்டு இழு!"

பெரியவங்க சொன்னா என்ன பண்றது? விட்டுச்சு. இழுத்துச்சு. ராஜா மறுபடி ஆட்டிப் பாத்துச்சு. மலை மாதிரி நின்னுச்சு.

"சபாஷ்! இதுக்கு மேல என்னடா ரெண்டாம் வருசம்? ராஜா சொல்றேன், நீ பாஸ்! இன்னையில இருந்து நீ வெல்டர்!"

சுருளி பூரிச்சுப் போச்சு. ஒரு நிமிசந்தான். அப்பறம் ராஜா நாக்கால மீசையத் தடவிக்கிட்டு, "வெல்டர் தம்பி, பக்கத்துல வாயேன்"ன்னுச்சு. சுருளிக்கு அப்பத்தான் டோக்கன் ஞாபகம் வந்துச்சு.

ராஜா வெளிய பாய கேட்டத் தள்ளுச்சு. அசையல. இழுத்துச்சு. அசையல. முட்டி வலியோட ஒரு எத்து விட்டுச்சு. "அய்யோ அம்மா!"

"டேய், தொற."

"அது இனி தொறக்காதுங்கய்யா."

"அப்ப வெட்டு!"

"வெட்டுறது ரெண்டாம் வருசம்ங்க. நீங்கதான் வேணாம்னு மொத வருசத்துலயே பாஸ் போட்டீங்க."

"பாஸெல்லாம் வாபஸ்! நீ பெயிலு! ரெண்டாம் வருசம் போயி கத்துக்கிட்டு வா!"

"பெயிலானவன ரெண்டாம் வருசத்துல சேக்க மாட்டாங்கய்யா."

ராஜா மறுபடி கேட்டப் புடிச்சு உலுக்குச்சு.

அதுக்குள்ள கரடி தட்டுத்தடுமாறி வந்து, வெல்டத் தடவிப் பாத்துச்சு. "எந்த மடப்பயடா கீலுல விட்டது?"ன்னு சுருளிய அடிக்கக் கை ஓங்குச்சு. உள்ளருந்து, "கரடி, என்னைய வெளிய எடு"ன்னு ஒரு ஈனக்குரல். ஓங்குன கை அப்பிடியே நின்னுச்சு. மெதுவா எறங்கி சுருளி முதுகத் தட்டுச்சு. முள்ளு குத்துச்சு. அதையும் பொறுத்துக்குச்சு.

"அய்யா, கண்ணு சுத்தமாத் தெரியலீங்க. கண்ணு சரியாகட்டும், மொத வேலையா வந்து வெட்டுறேன்."

அன்னையில இருந்து கரடி கண்ணுல வெள்ளரிக்கா மாத்தி வெச்சுக்கிட்டேதான் இருக்கு. மானு முந்திக்கிட்டுக் கொண்டாந்து குடுத்துட்டுப் போவுது. குகை முன்னால இப்பவும் வரிசைதான், இப்பவும் டோக்கன்தான். ஆனா செல்பிக்கு. ராஜாவுக்குக் காலையில கீரை, மத்தியானம் பூசணிக்கா.

சுருளி மொத வருசத்துலயே இருக்கு. ஒவ்வொரு தடவையும் பரிச்ச வெக்கிறப்ப, காடே திரண்டு வந்து "பெயிலாயிருய்யா"ன்னு வாழ்த்திட்டுப் போவுது. சம்பளம் மாசாமாசம் வந்துருது. அவங்கம்மா எல்லார்ட்டயும் பெருமையாச் சொல்லிக்கிட்டுத் திரியுது: "எம்புள்ள இன்னும் கத்துக்கிட்டேதான் இருக்கான்!"

நீதி: தொழில முழுசாக் கத்துக்கிட்டவனத்தான் மொதல்ல திம்பாங்க. பாதியோட நிறுத்திக்கோ, மிச்சத்த கேட்டுக்கு உள்ள நிக்குறவரே சொல்லித் தருவாரு.