கருவாட்டுக் காவலும் ஒரு நரிக் குடும்பமும்

புது மருமகனிடம் முதன்முதலாக எந்த வேலையை ஒப்படைக்கிறார்களோ, அதை வைத்துத்தான் அந்த வீட்டில் அவனுக்கு ஆயுளுக்கும் பெயர் விழும். சிலருக்குக் கலியாண வீட்டுப் பந்தலை மேற்பார்வையிடக் கொடுப்பார்கள். எனக்குக் கிடைத்தது கருவாடு.

நான் அச்சுவேலி வெங்காயத் தோட்டத்துக்காரன். பெண் எடுத்தது மணற்காடு என்ற கரையோர ஊரில், கடற்றொழில் செய்யும் வீட்டில். மனைவியின் தம்பி ரொறன்ரோவுக்குத் திரும்பும் வாரம் அது. அவனுக்கென்று அவன் தாய், என் மாமி, கட்டா மீனைக் கீறி, உப்பிட்டு, முற்றத்தில் பாய் விரித்துக் காயப்போட்டிருந்தார். மாமியின் கருவாட்டில் ஒரு மணல்கூடக் கடிபடாது என்பது அந்தக் கரை முழுக்கத் தெரிந்த விஷயம். (மாமியே சொல்லித்தான் தெரியும்.)

விடியற்காலை எல்லோரும் கோயிலுக்குக் கிளம்பினார்கள்.

"தம்பி, காகம் வரும், நாய் வரும். தடியைக் கீழ வையாதேங்கோ," என்றார் மாமி.

"நீங்கள் யோசியாமல் போயிட்டு வாங்கோ மாமி," என்றேன், ஏதோ எல்லைக் காவலுக்குப் போகிறவனைப் போல.

காகமும் வரவில்லை, நாயும் வரவில்லை. மணல் திட்டியிலிருந்து நரி வந்தது.

அதுவரை நரியை நான் பாடப்புத்தகத்தில்தான் பார்த்திருந்தேன். இது மெலிந்து, காதோரமும் கால்களும் செம்பட்டையாக இருந்தது. சத்தமில்லாமல் வந்து ஒரு துண்டைக் கவ்வியது. தின்னவில்லை. திட்டியடியில் முன்னங்கால்களால் குழி பறித்து, துண்டை உள்ளே வைத்து, மூக்காலேயே மணலைத் தள்ளி மூடியது. திரும்பி வந்து அடுத்த துண்டு. அதற்கு வேறு குழி. ஒன்று களவு போனாலும் மற்றது மிஞ்சுமே! (நான் வீட்டுப் பூட்டின் திறப்பு இரண்டையும் ஒரே வளையத்தில் போட்டுத் தொலைத்தவன்.)

அப்போதுதான் அதன் பால்மடி தொங்குவதைக் கண்டேன். பற்றைப் புதருக்குள்ளிருந்து குட்டிகள் உருண்டு வந்தன. எங்கிருந்தோ ஆண் நரியும் வந்தது. குட்டிகள் அதன் வாயை நக்க, அது விழுங்கியிருந்த இரையைக் கக்கிக் கொடுத்துவிட்டு, தள்ளி நின்று காவல் பார்த்தது. எனக்கு மேலெல்லாம் புல்லரித்தது. கோயிலில் திரை விலகும்போதுகூட அப்படி ஆனதில்லை. அன்றுவரை மனைவிக்கு ஒரு தேத்தண்ணி ஊற்றிக் கொடுக்காதவன் நான்; வெட்கமாக இருந்தது. தடி கையில்தான் இருந்தது.

எங்கோ மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டதும் நரிகள் மறைந்தன. பாயில் பாதிக் கருவாடு இல்லை. மாமி வருவதற்குள் குழி குழியாகத் தோண்டி எடுத்து, உடுத்திருந்த சாரத்தால் துடைத்துப் பரப்பினேன். அரைகுறையாகக் காய்ந்த துண்டில் மணல் அப்பினால் போகாது என்பது வெங்காயக்காரனுக்கு எப்படித் தெரியும்? மாமியின் கண்ணில் மணல் படாதிருக்க, பொதி கட்டும் வேலையையும் நானே வலியக் கேட்டு வாங்கினேன்.

ஒரு கிழமை கழித்து ரொறன்ரோவிலிருந்து வீடியோ அழைப்பு.

"அம்மா, கருவாடு முழுக்க மண்! சிநேகிதப் பொடியளுக்கும் குடுத்திட்டன், மானம் போச்சு!"

மாமியின் முகம் கறுத்துப்போனது. "என்ரை கையாலயோ மண் போச்சுது? எனக்குக் கண்ணும் தெரியாமல் போச்சுதோ?" என்று அழத் தொடங்கிவிட்டார். அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன்.

"தடி கையில இருந்ததோ?"

"ஓம் மாமி."

"பிறகேன் கலைக்கேல்லை?"

"குட்டியள் பசியோட நிண்டதுகள் மாமி. தகப்பன் தான் விழுங்கினதையும் கக்கிக் குடுத்தது. பாத்துக்கொண்டே நிண்டிட்டன்."

தொலைபேசியில் மச்சான் ஓங்காளித்தான். "அத்தான், நரி வாய் வைச்சதையோ நான் திண்டனான்?"

மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். அன்றோடு கருவாட்டுக் காவல் என் கையை விட்டுப் போனது. இன்றைக்கும் யாராவது வீட்டுக்கு வந்து, "மருமோன் எப்பிடி?" என்று கேட்டால் மாமியின் பதில் ஒன்றுதான்:

"தங்கமான பிள்ளை. வேணுமெண்டால் அந்த நரியளைக் கேட்டுப் பாருங்கோ."