பக்கத்து அறைச் சேமிப்பு

"இன்னைக்கும் அவிச்ச கீரைதானா?" என்று லிந்தங் கேட்டாள். சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். வயிறு மட்டும் திகுதிகுவென்று எரிந்தது.

"கீரை, மிளகாச் சம்பல், சோறு. போதும்க்கா" என்றாள் பக்கத்து அறை நஸ்திதி.

இந்தோனேசியாவின் சுரபாயா நகரில் வேலைக்குப் போகும் பத்துப் பெண்கள் ஆளுக்கோர் அறையில் குடியிருந்த வீடு அது. சமையலறை ஒன்றே ஒன்று. யார் என்ன தின்கிறார்கள், என்ன தின்னவில்லை என்பது எல்லாருக்கும் தெரியும். நஸ்திதி எட்டு மாதமாகக் கீரைதான் தின்கிறாள். வேலைக்கு நடந்தே போகிறாள். ஞாயிற்றுக்கிழமை கடைத்தெருவுக்குக் கூப்பிட்டால் தலைவலி என்கிறாள். இருவருக்கும் ஏறக்குறைய ஒரே சம்பளம். அப்படியானால் எவ்வளவு சேர்த்திருப்பாள்! லிந்தங் மனக்கணக்குப் போட்டுப் பார்த்தாள். போடாமலே இருந்திருக்கலாம்.

போன வருஷம்வரை லிந்தங் எதை உடுத்தினாலும் "எங்கக்கா வாங்குனீங்க?" என்று மொய்த்த பெண்கள், இப்போது நஸ்திதியைச் சுற்றி நின்று "எப்படிடி இவ்வளவு சிக்கனமா இருக்க?" என்று வாய் பிளந்தார்கள். கள்ளி, பதில் சொல்லாமல் புன்னகை பூப்பாள்.

லிந்தங்கிடமும் பதினைந்து லட்சம் ரூபியா இருந்தது, அதாவது இரண்டு மாத அறை வாடகை. குளிக்கக் காலையில் வரிசையில் நிற்காத ஒரு தனி வீடு எடுக்க அவள் சேர்த்துவந்த பணம். கடன் மட்டும் ஜென்மத்துக்கும் வாங்குவதில்லை என்றிருந்தாள். அவள் அண்ணன் கைப்பேசியிலேயே கடன் வாங்கப்போய், வசூல்காரர்கள் அவன் முதலாளியின் மாமியார்வரை போன் போட்டுவிட்டார்கள்.

"அவளால முடியும்னா என்னால முடியாதா?" என்று களத்தில் இறங்கினாள்.

முதலில் வெளிச்சாப்பாட்டை நிறுத்தினாள். அதை நிறுத்த ஒரு ரைஸ் குக்கரும் அடுக்கு டிபன் பாக்ஸும் வேண்டியிருந்தன. நாலு லட்சம் போயிற்று.

அடுத்து, வேலைக்கு நடந்தாள். மூன்றாம் நாள் செருப்பு அறுந்து, தான் வேலை பார்க்கும் டைல்ஸ் கடை வாசலில் ஒற்றைக்காலில் நின்றாள். நடப்பதற்கென்றே தைத்த ஷூ இன்னொரு நாலு லட்சம்.

"நடந்தா காசு மிச்சம்னீங்களேக்கா?" என்று எதிர் அறை ஹெஸ்தி ஷூவைத் தொட்டுப் பார்த்தாள்.

"போகப்போகத்தான்டி மிஞ்சும்."

மூட்டையாக வாங்கினால் அரிசி மலிவு என்றார்கள். இருபத்தைந்து கிலோ மூட்டை அறைக்கு வந்தது. பின்னாலேயே வண்டும் வந்தது. வண்டு புகாத மூடிபோட்ட டிரம் ஒன்று வாங்கினாள். ஏற்கெனவே உள்ளே இருந்த வண்டுகள் அதில் பத்திரமாகப் பெருகின.

"அக்கா, தூக்கிப் போடாதீங்க. எனக்குக் குடுங்க, புடைச்சு ஆக்கிக்கிறேன்" என்று நஸ்திதி பாதி மூட்டையை வாங்கிப்போனாள்.

லிந்தங்குக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. பாவி, இனி இரண்டு மாதத்துக்கு அரிசிக்கும் காசு கொடுக்கப் போவதில்லை! அதுவும் என் மூட்டையில்!

ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் சமையலறையில் கூடியிருந்தபோது ஹெஸ்தி ஆரம்பித்தாள். "நஸ்திதிகிட்ட இப்ப நாப்பது லட்சமாவது இருக்கும். இல்லடி?"

நஸ்திதி வழக்கம்போலச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை லிந்தங்கால் தாங்க முடியவில்லை.

"எங்கிட்ட அம்பது இருக்கு!"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். இந்த ஊரில் நல்ல சேதி சொன்னவர்கள்தான் விருந்து வைக்க வேண்டும்.

"அக்கா, ட்ரீட்! வறுத்த வாத்து!"

"அடுத்த மாசம் பாத்துக்கலாம்டி..."

"அம்பது லட்சக்காரி பேசுற பேச்சா இது?"

பத்துப் பேரும் தெருமுனை வாத்துக் கடைக்கு நடந்தார்கள். லிந்தங் பாதி வாத்தோடு நிறுத்திக்கொண்டாள். நஸ்திதி இரண்டு முழு வாத்தைத் தின்றுவிட்டு ஒன்றைப் பொட்டலமும் கட்டச் சொன்னாள். காசைக் கொடுத்துவிட்டுத் திரும்பியபோது, சேமிப்போடு வாடகைப் பணத்திலும் இரண்டு லட்சம் போயிருந்தது.

ஒன்றாம் தேதி விடிந்தது. வாடகை வசூலிக்கும் சர்மியம்மா பின்கட்டில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். லிந்தங் அவருக்குத் துணி எடுத்துக் கொடுத்தாள். எட்டுச் சட்டை கொடுத்த பிறகுதான் வாய் திறந்தாள்.

"அம்மா, வாடகைல ரெண்டு லட்சம் குறையுது."

"அம்பது லட்சம் வச்சிருக்கியாமே? வீடே பேசுது!"

"அது... ஒரு ரோஷத்துல சொன்னதும்மா." அவளுக்குக் கண் கலங்கியது. கடனே கூடாது என்றிருந்தவள், கடைசியில் யாரிடம் போய் நிற்கிறாள்! "நஸ்திதிகிட்டதான் கொட்டிக் கிடக்கே. எனக்குக் கேக்க வாய் வரல. அவகிட்ட நீங்களே ஒரு வார்த்த சொல்லி, அடுத்த சம்பளம் வரைக்கும் வாங்கிக் குடுங்கம்மா."

சர்மியம்மா கையிலிருந்த ஈரச் சட்டையை அப்படியே வாளியில் போட்டுவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"நல்லா இருக்குடி! போன வருஷம் நீ வாங்குனதையெல்லாம் பாத்துப் பாத்துத் தவணைல வாங்கிப்போட்டுக் கட்ட முடியலயாம், உன்கிட்ட கடன் வாங்கிக் குடுக்கச் சொல்லி அவ காலைல இதே இடத்துல நின்னு எனக்குப் பாவாடை புழிஞ்சு குடுத்துட்டுப் போறா!"