நாலாயிரத்து ஐந்நூறு ரூபாய் அதிகம்

கேஷ் பெட்டியில் பணம் குறைந்தால் திருட்டுப் பட்டம் கிடைக்கும். இது எல்லோருக்கும் தெரியும். பணம் கூடினால் என்ன கிடைக்கும் என்று தெரிந்த சிலரில் நானும் ஒருத்தி. அதைவிட மோசமானது கிடைக்கும்.

நான் பி.காம். முதல் வகுப்பு. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை, குற்றவாளி தன் பூர்வீகத்தைச் சொல்வது போலத்தான் சொல்கிறேன். பற்று, வரவு, தேய்மானம், பொறுப்புகள் என்று மூன்று வருடமும் எல்லாவற்றையும் மனப்பாடம் செய்திருந்தேன். சொத்து என்றால் என்ன என்று தூக்கத்தில் கேட்டாலும் ஐந்து மதிப்பெண்ணுக்குப் பதில் வரும். அந்தச் சொத்து எதிரே வந்து நின்றால் மட்டும் அடையாளம் தெரியாது.

இந்த ஞானத்தோடு ஓசூரில் போல்ட்டும் நட்டும் செய்கிற ஒரு சின்னக் கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் அசிஸ்டெண்டாகச் சேர்ந்தேன். ஊர் சாமல்பட்டிப் பக்கம். அப்பாவுக்குக் காட்டு வேலை, கூலி. எங்கள் குடும்பத்தில் நாற்காலியில் உட்கார்ந்து சம்பளம் வாங்கப் போன முதல் ஆள் நான்தான் என்பதால், அப்பா ஒரு டீக்கடை பாக்கியில்லாமல் சொல்லி வைத்திருந்தார். அக்டோபரில் சேர்ந்தேன். ஆறு மாதம் புரொபேஷன். மார்ச் கடைசியில் வேலை நிரந்தரமாகும், இல்லையென்றால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்.

நேர்காணலில் எம்.டி. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "ட்ரயல் பேலன்ஸ் டேலி ஆகலன்னா என்னம்மா பண்ணுவே?"

"டேலி ஆகாம வீட்டுக்குப் போகமாட்டேன் சார்."

(வாய் சும்மா இருந்திருக்கலாம்.)

ட்ரயல் பேலன்ஸ் என்பது பற்று ஒரு பக்கம், வரவு ஒரு பக்கம் என்று போட்டு, கடைசியில் இரண்டும் சமமாக வர வேண்டிய பட்டியல். அதுவரை நான் பார்த்ததெல்லாம் டீச் செலவும் கூரியர் செலவும்தான். மார்ச் கடைசி வாரம் ஆடிட்டர் ஆபீஸில் கேட்டார்கள் என்று முதல்முறையாக அதைக் கம்ப்யூட்டரில் திறந்தேன். அடியில் தனியாக ஒரு வரி: ஓப்பனிங் பேலன்ஸில் வித்தியாசம், ரூபாய் 4,500.

ஓப்பனிங் பேலன்ஸ் என்றால் போன வருடக் கணக்கிலிருந்து இந்த வருடத்துக்கு எடுத்து வரும் தொகை. அதாவது ஏப்ரல் முதல் தேதி சமாச்சாரம். ஏப்ரலில் நான் அந்தக் கம்பெனியின் கேட்டைக்கூடப் பார்த்ததில்லை. இதெல்லாம் பரீட்சையில் கேட்டிருந்தால் அழகாக எழுதியிருப்பேன். அன்று என் புத்திக்கு எட்டியது இவ்வளவுதான்: கம்பெனிப் பணம் 4,500 காணவில்லை. கேஷ் பெட்டிச் சாவி என்னிடம் இருக்கிறது. ஆகவே தொலைத்தவள் நான்.

பெட்டியை எண்ணினேன். புத்தகத்தில் எழுதியிருந்தபடியே ஒரு ரூபாய் பிசகாமல் இருந்தது. வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்தில் மூச்சு விட்டிருப்பார்கள். எனக்குப் பெட்டியின் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது.

யாரையாவது கேட்டிருக்கலாம். கேட்டால் முதல் வகுப்பு என்னாவது? ஸ்டோர்ஸ் பார்க்கிற முனிராஜண்ணன் மட்டும் கவனித்தார். கர்நாடக எல்லையோரம் இருக்கிற பேரிகை ஊர்க்காரர். திங்கட்கிழமைதோறும் தன் வீட்டுக் கொல்லையிலிருந்து எனக்கும் ஒரு கட்டுக் கீரை கொண்டுவந்து தருவார்.

"ஏம்மா மஞ்சுளா, மூஞ்சி ஒரு மாதிரியா இருக்குது?"

"ஒண்ணுமில்லண்ணா, தலைவலி."

அடுத்த நாள் காலையில் சீக்கிரமே வந்து, அப்பாவுக்கு ஒரு நல்ல போன் வாங்கச் சேர்த்து வைத்திருந்த பணத்திலிருந்து 4,500 எடுத்துப் பெட்டியில் போட்டேன். போட்டுவிட்டு ஓடிப்போய் ஸ்கிரீனைப் பார்த்தேன். வித்தியாசம் அப்படியே இருந்தது. பணம் வந்த விஷயம் கம்ப்யூட்டருக்குத் தெரியக் கொஞ்ச நேரம் ஆகும் போல என்று காத்திருந்தேன். (ஆமாம், முதல் வகுப்பு.)

மார்ச் முப்பத்தொன்று. ஆடிட்டர் ஆபீஸிலிருந்து பெட்டியை எண்ண வந்தவள் பெயர் ரம்யா. என்னைவிட இரண்டு வயது சின்னவள். எச்சில் தொடாமல் நோட்டு எண்ணுகிறவள். இரண்டு தடவை எண்ணினாள்.

"மேடம், புக்குல பதினோராயிரத்து முந்நூத்தி இருபது. பெட்டியில பதினஞ்சாயிரத்து எண்ணூத்தி இருபது இருக்குதே."

"கூடத்தானே இருக்குது? நல்லதுதானே?"

அவள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். "குறைஞ்சா எங்க போச்சுன்னு கேப்போம். கூடினா எங்கிருந்து வந்துச்சுன்னு கேப்போம். அதுதான் மேடம் பெரிய கேள்வி."

எம்.டி. வந்தார். அவர் கத்துகிற ரகமில்லை. கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றுவார், அவ்வளவுதான். கழற்றினார். "அப்ப ஏதோ ஒண்ணு பில் போடாம வெளிய போயிருக்குது." எங்கள் கம்பெனியிலிருந்து பில் இல்லாமல் காசுக்குப் போகக்கூடிய பொருள் ஒன்றுதான். லேத்தில் கடையும்போது விழுகிற இரும்புச் சுருள், அந்த ஸ்கிராப். அதை எடை போட்டு அனுப்புகிற ஆளும் ஒருவர்தான்.

முனிராஜண்ணன் தன் எடை நோட்டைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். எந்த நேரமும் நான்கு பாஷையில் பேசுகிற மனுஷனுக்கு அன்று கன்னடம் மட்டும்தான் வந்தது. "நனகேனு கொத்தில்ல சார்" என்றார். எனக்கு ஒன்றும் தெரியாது என்று அர்த்தம். அப்புறம் தமிழுக்கு வந்தார். "பதினோரு வருசமா ஒரு கிலோ எழுதாம போனதில்ல சார். நீங்களே பாருங்க." நோட்டை முதல் பக்கத்திலிருந்து விரித்துக் காட்டினார்.

யாரும் என் பக்கம் திரும்பவே இல்லை. நான் வாயை மூடிக்கொண்டு நின்றால் என் வேலை பிழைக்கும், அவருடையது போகும். அந்த நிமிடம் என்னை நினைத்து எனக்கே கூசியது. கூடவே அப்பாவும் அவர் சொல்லி வைத்திருந்த டீக்கடைகளும் ஞாபகத்துக்கு வந்தன.

"சார், அது என் பணம்" என்றேன்.

"எது?"

"அந்த நாலாயிரத்து ஐந்நூறு. நான்தான் போட்டேன்."

"உன் பணத்தை எதுக்கும்மா கம்பெனி பெட்டியில போட்டே?"

"டேலி ஆகணும்னு சார்."

சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். ரம்யா கீழே விழாத பேனாவை எடுக்க மேஜைக்கு அடியில் குனிந்தாள். நிமிர வெகுநேரம் ஆனது.

நிமிர்ந்ததும் 4,500-ஐ ஒன்பதால் வகுத்தாள். "மீதியில்லாம வகுபடுது. அப்படி வந்தா எங்கியோ ரெண்டு நம்பர் இடம் மாறிப் போயிருக்கும்." பத்து நிமிடத்தில் கண்டுபிடித்தாள். வெல்டிங் கேஸ் சிலிண்டருக்குக் கட்டியிருந்த டெபாசிட் 7,200 ரூபாய். எனக்கு முன்னால் இருந்தவர் புது வருடக் கணக்கில் அதை 2,700 என்று ஏற்றியிருந்தார். தொலைந்து போனது பணமே இல்லை.

"அக்கா" என்றாள் ரம்யா. (என் அழுகை மேடத்தை அக்காவாக்கியிருந்தது.) "நீங்க ஊருக்கே வராதப்ப நடந்த கொலைக்கு சரண்டர் ஆயிருக்கீங்க."

மூக்கைத் துடைத்துக்கொண்டு என் பணத்தை எடுக்கக் கை நீட்டினேன். தடுத்துவிட்டாள். எண்ணி முடித்தாயிற்று, இன்றைய தேதிக்கு அது கம்பெனிப் பெட்டியில் இருக்கிற பணம், கணக்கில் எழுதாமல் தொடக்கூடாது என்றாள். என்னவென்று எழுதுவது? எம்.டி. யோசித்தார். "வித்து வந்ததில்ல, சம்பாதிச்சதும் இல்ல. இவ குடுத்தது, திருப்பிக் குடுக்கணும். கம்பெனி வாங்கின கடன்னுதான் எழுதணும்."

அந்த வருட இருப்புநிலைக் குறிப்பில் பொறுப்புகள் பக்கத்தில், கம்பெனி பணம் தர வேண்டியவர்கள் பட்டியலில், பேங்க்குக்கும் இரும்புக்காரருக்கும் கீழே என் பெயர் ஏறியது. மஞ்சுளா, 4,500. பொறுப்பு என்றால் திருப்பித் தர வேண்டியது என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது. மூன்று வருட மனப்பாடத்தில் உறைக்காதது.

"சார், என் வேலை?" என்று மெல்லக் கேட்டேன்.

எம்.டி. கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "கடன் குடுத்தவங்களை வெளிய தள்ளினா ஊர்ல என்னம்மா பேசுவாங்க? நாளைக்கு வந்து ஆர்டரை வாங்கிக்க." அப்புறம் முனிராஜண்ணனிடம், "தப்பா கேட்டுட்டேன்பா, மனசுல வெச்சுக்காதே" என்றார். அண்ணன் என்னைப் பார்த்து, "இனிமே காசு ஜாஸ்தியா இருந்தா எங்கிட்ட குடும்மா" என்று மட்டும் சொன்னார். திங்கட்கிழமை கீரை வழக்கம்போல வந்தது.

ஏப்ரலில் வவுச்சரில் கையெழுத்துப் போட்டு என் கடனை வசூலித்தேன். அப்பாவுக்குப் போன் வாங்கினேன். எம்.டி.யிடம் கேட்டு, அந்தப் பட்டியலில் என் பெயர் இருக்கிற வரியைப் படம் பிடித்து அதில் போட்டுக் கொடுத்தேன். என் முட்டாள்தனத்தைக் காட்டி அவரைச் சிரிக்க வைக்கலாம் என்பதுதான் என் எண்ணம்.

அப்பா சிரிக்கவில்லை. அதை ஊர் முழுக்கக் காட்டினார். நான் இன்று அதே கம்பெனியில் முழுக் கணக்கும் பார்க்கிறேன். அவர் மூன்று போன் மாற்றிவிட்டார். படம் மட்டும் ஒவ்வொரு போனுக்கும் மாறி வந்துகொண்டே இருக்கிறது. போன தை மாதம் என் மகளின் காதுகுத்தில், தான் ஆயுசு பூராவும் யார் நிலத்தில் வேலை செய்து யாரிடம் முன்பணம் வாங்கினாரோ அவரையே பக்கத்தில் உட்கார வைத்து அந்தப் படத்தைக் காட்டிக்கொண்டிருந்தார். "அது கடன் இல்லப்பா, நான் பண்ணின கூத்து" என்று இந்தத் தடவையும் குறுக்கே போனேன்.

"நீ சும்மா இரு" என்றார் அப்பா. பிறகு அவர் பக்கம் திரும்பி, "வேலைக்குப் போன எடத்துல கடன் வாங்கறதுதானுங்க எங்க வழக்கம். எம்பொண்ணு வேலைக்குப் போன எடத்துக்கே கடன் குடுத்தவ" என்றார்.