தாடி வைத்த அத்தை

பெயரைப் பார்த்து ஆணா பெண்ணா என்று முடிவு செய்யும் உரிமை உலகத்தில் யாருக்கு இருந்தாலும் எனக்குக் கிடையாது. என் பெயர் தங்கமணி. கல்லூரியில் சேர்ந்தபோது எனக்குப் பெண்கள் விடுதியில் அறை ஒதுக்கியிருந்தார்கள். (வார்டன் வாசலிலேயே மறித்துவிட்டார். அது வேறு சோகம்.) அப்பேர்ப்பட்ட நான்தான் சிட்னிக்கு வந்து இந்தக் காரியத்தைச் செய்தேன்.

என் மனைவி கவிதாவுக்கு ஏழாம் மாதம். வளைகாப்புக்குக் கரூரிலிருந்து வரவேண்டிய மாமியாருக்குக் கடைசி நேரத்தில் கால் முறிந்துவிட்டது. கவிதா அழுத அழுகையைத் தாங்காமல், "உங்கம்மா இல்லாத குறையே தெரியாம நடத்திக் காட்டறேன்" என்று வாயை விட்டுவிட்டேன். வளையல் அடுக்க ஒற்றைப்படையில் பெண்கள் வேண்டும். எங்கள் பென்டில் ஹில் வட்டாரம் முழுக்கக் கேட்டும் ஆறு பேர்தான் தேறினார்கள்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் பிரிவுக்குப் புது மேனேஜர் வந்திருந்தார். மெல்பர்ன் அலுவலகம், பெயர் மெரடித், மின்னஞ்சலில் மட்டுமே பழக்கம். என் பழைய ஆபீஸில் இரண்டு மெரடித் உண்டு, இருவரும் பெண்கள். எனக்கு அது போதாதா? சனிக்கிழமை சிட்னியில் இருப்பதாகச் சொன்னதும், வீட்டு விசேஷத்துக்கு வந்து என் மனைவிக்கு வளையல் போட்டுவிட வேண்டும் என்று எழுதினேன். உடனே சம்மதம் வந்தது. கவிதா அந்த அம்மாவுக்கென்று ஒரு பட்டுப்புடவைகூட எடுத்து வைத்தாள்.

சனிக்கிழமை வாசல் மணி அடித்தது. திறந்தால் ஆறடிக்கு மேல் உயரம், நெஞ்சுவரை வெள்ளைத் தாடி, கையில் பூங்கொத்து.

"தங்கமணியா? நான் மெரடித்."

விசேஷத்தை முன்நின்று நடத்திய பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்து வசந்தி அன்ரி என்னைச் சமையலறைக்குள் இழுத்தார். "தம்பி, ஆறு பொம்பிளையளும் ஒரு தாடிக்காரரும் நிக்கினம். இனி என்ன செய்யப் போறீர்?"

மணையில் உட்கார்ந்திருந்த கவிதாவின் கண் நிறைந்துவிட்டது. எங்கேயாவது ஓடிப்போகலாமா என்று இருந்தது.

கூடத்தில் பெண்கள் மட்டும் இருந்ததைப் பார்த்து மெரடித்துக்கும் விஷயம் புரிந்தது. "மேனேஜர் வளையல் போடறதுதான் உங்க வழக்கம்னு நினைச்சேன்," என்றார் ஆங்கிலத்தில், பாவமாக. மெரடித் என்பது அவருடைய வெல்ஷ் தாத்தாவின் பெயராம். வேல்ஸில் ஆண் பெயர். பின்பாதியில் பிரபு என்று பொருள்படும் பழைய சொல் இருக்கிறதாம், முன்பாதிக்கு யாருக்கும் நிச்சயமாகத் தெரியாதாம். வேல்ஸைத் தாண்டி வந்ததும் பெண்கள் எடுத்துக்கொண்டார்களாம். "பள்ளிக்கூடத்துல ரொம்பப் பட்டேன். சரி, நான் கிளம்பறேன்."

"அவரை உட்காரச் சொல்லுங்க," என்றாள் கவிதா. "வளையல் போடுன்னு கேட்டதும் மறுக்காம வந்த மனுஷன். திருப்பி அனுப்பினா எனக்கு மனசு ஆறாது."

உட்கார்ந்தார். இரண்டு மகள்களுக்குச் சடை பின்னிப் பழகிய கையாம். ஒரு கண்ணாடி வளையல்கூட விரிசல் விடவில்லை. குங்குமச் சிமிழில் சாய்த்து வைத்திருந்த போனிலிருந்து மாமியார் குரல் வந்தது.

"மாப்ளே, அந்தம்மாவுக்குத் தாடி இருக்குதுங்களா, இல்ல எனக்குத்தான் கண்ணு போயிருச்சா?"

கவிதா வளையல் குலுங்கச் சிரித்தாள். அம்மா வரவில்லை என்று தெரிந்த நாளிலிருந்து அவள் சிரித்து நான் பார்க்கவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

புடவையையும் தாம்பூலத்தோடு அவரிடமே கொடுத்தோம். பிறகு மகளுக்குக் காது குத்தும்போது மாமன் மடி வேண்டியிருந்தது. கவிதாவுக்குக் கூடப்பிறந்தவன் இல்லை, அதனால் மெரடித் மடிதான். நேரில் வந்திருந்த மாமியார் பந்தியில் அறிவித்தார்: "வளையல் போட்ட அத்தையும் இவருதான், மடி கொடுத்த மாமனும் இவருதான். ஒரே இலையில ரெண்டு சொந்தம்."

இப்போதும் பென்டில் ஹில் மளிகைக் கடையில் என் மகள் "அத்தை" என்று கூப்பிட்டால், மெல்பர்னிலிருந்து வந்திருக்கும் ஒரு ஆறடித் தாடிக்காரர் "என்னம்மா" என்று தமிழில் திரும்புகிறார். கடையில் இருப்பவர்கள் எங்களைப் பார்க்கிறார்கள். நானும் கவிதாவும் விளக்கம் சொல்வதை விட்டுவிட்டோம்.