திறக்காத பெட்டிகளும் என் லேமினேஷன் மெஷினும்

செங்கல்பட்டு,
ஞாயிற்றுக்கிழமை.

மதிப்புக்குரிய அப்பாஸ் மச்சானுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். நானும் உங்கள் தங்கச்சி பதருன்னிசாவும் அல்லாஹ் கிருபையால் நலம். உங்கள் மருமகள் ஹனியாவும் நலம்தான், என்னோடு பேசுவதில்லை என்பதைத் தவிர. ஆம்பூரில் எல்லோரும் சுகமாக இருக்க துஆ செய்கிறேன். போன் இருக்கக் காகிதம் எதற்கு என்பீர்கள். போனில் நான் எதை அனுப்பினாலும் அது எப்படியோ குடும்ப குரூப்பில் போய் விழுகிறது, அவள் படித்துவிடுகிறாள்.

விஷயம் இதுதான். ஹனியா டிசைன் படிப்பு முடித்தது உங்களுக்குத் தெரியும், அட்டைப் பெட்டி வடிவமைக்கிற படிப்பு. நாவலூரில் ஒரு கம்பெனி நேர்முகத்துக்குக் கூப்பிட்டது. அங்கே மார்க் ஷீட்டை யாரும் ஏறெடுத்தும் பார்க்க மாட்டார்களாம், போர்ட்ஃபோலியோ என்று ஒன்று கேட்பார்களாம். அதாவது, படித்த காலத்தில் செய்த வேலையையெல்லாம் ஒரு ஃபைலில் போட்டு, எப்படி யோசித்தோம், எங்கே தப்பு பண்ணினோம் என்று காட்ட வேண்டும். தப்பைக் காட்டி வேலை கேட்கிற காலம் வந்துவிட்டது மச்சான். அவள் தோழி வீட்டுக்குப் போயிருந்தபோது திறந்து பார்த்தேன். அடித்துத் திருத்திய படங்கள், டீக் கறை, மடிப்பு மடிப்பாக அட்டைகள். பெற்ற மனசு கேட்குமா? என் லேமினேஷன் கடைக்கு எடுத்துக்கொண்டு ஓடினேன், கிறுக்கலையெல்லாம் உருவி ஓரமாக வைத்தேன், மற்றதை ஒன்றுவிடாமல் லேமினேட் செய்தேன், முன்னால் அவளுடைய பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டையும், ஒருநாள்கூட லீவு போடாததற்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்த சான்றிதழையும் சொருகினேன்.

எனக்கு வேறென்ன தெரியும், சொல்லுங்கள். மெஷின் வாங்கியதும் முதலில் அதற்குள் போய் வந்தது உங்கள் ஐ.டி.ஐ. சான்றிதழ்தானே. அதை மடியில் வைத்துக்கொண்டு அணுபுரத்தில் ஒரு ஒப்பந்தக்காரரைப் பார்க்க நாம் பஸ்ஸில் போனது இன்றும் கண்ணிலேயே நிற்கிறது. அவர் அதைத் தட்டிப் பார்த்து, "பேப்பரையே இப்டி வெச்சிகினு கீறியே, மெஷினை நல்லாத்தான் பாத்துக்குவ" என்று அன்றே உங்களைச் சேர்த்துக்கொண்டார். திரும்பும்போது மாமல்லபுரத்தில் இறங்கி, வறுத்த மீன் தின்ற கையோடு சான்றிதழை மாற்றி மாற்றிப் பிடித்துப் பார்த்தோம். ஒரு கறை ஒட்டவில்லை. கடற்காற்றில் உங்கள் சட்டை படபடத்தது, அது மட்டும் விறைப்பாக நின்றது. அப்படி ஒரு நாள் நமக்கு அப்புறம் வரவே இல்லை மச்சான். வேலை வாங்கித் தருவது லேமினேஷன்தான் என்று அன்றிலிருந்து நம்பிக்கொண்டிருந்தேன்.

நேர்முகத்துக்குப் புறப்படுகிற காலையில் ஹனியா ஃபைலைத் திறந்து ஒரு அட்டையைப் பிரித்தாள். பிரியவில்லை. அவையெல்லாம் தட்டையாகப் படுத்திருந்து, விரித்தால் பெட்டியாக எழும்ப வேண்டியவையாம். "அத்தா, இது தொறந்தாத்தான் பொட்டி. நீங்க தொறக்கவே முடியாம பண்ணிட்டீங்க" என்றாள். கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன், மெதுவாகச் சொன்னாள். உங்கள் தங்கச்சி விடுவாளா? "வூட்ல நான் ஒருத்திதான் பாக்கி, என்னையும் அந்த மெஷின்ல வுட்டு எடுங்க" என்றாள். வேறு வழியில்லாமல் பிள்ளை அதே ஃபைலோடு நாவலூர் போய் வந்தாள், வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டாள். என்ன ஆயிற்று என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

போனது போகட்டும். இந்தப் படிப்பு நமக்குச் சரிப்பட்டு வராது. ஆகவே உங்கள் செருப்புக் கடையில் அவளுக்குக் கணக்கு எழுதும் வேலை ஒன்று போட்டுக் கொடுங்கள். நான் கேட்டதாக அவளுக்குத் தெரிய வேண்டாம். வீட்டில் பெரியவர்களுக்கு என் ஸலாம், பிள்ளைகளுக்கு அல்லாஹ் எல்லா பரக்கத்தும் தரட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மச்சான்
நூர்முகமது

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் ஹனியா கடைக்கே வந்துவிட்டாள். மேலே எழுதியதைக் கிழித்துப் போடுங்கள், அணுபுரம் போன பக்கத்தை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அவளுக்கு வேலை கிடைத்துவிட்டது. பெட்டி ஏன் திறக்கவில்லை என்று அங்கே கேட்டார்களாம். "எங்க அத்தா லேமினேஷன் கடை வெச்சிருக்கார். பேப்பரைக் காப்பாத்தணும்னு நெனைச்சார். இது மடிக்கிற அட்டைன்னு பாத்தவுடனே புரியற மாதிரி நான் செய்யல, தப்பு என்னோடது" என்று சொல்லி, வெறுந்தாள் கேட்டு வாங்கி அங்கேயே ஒரு பெட்டி மடித்துக் காட்டினாளாம். வேலை உத்தரவை என் கையில் கொடுத்து, "இத மட்டும் லேமினேட் பண்ணாதீங்க அத்தா" என்றாள். சரி என்று சொல்லிவிட்டேன். ஃபேன் காற்றில் அது பறக்கப் பார்க்கிறது, ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். எழுத்து கோணியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.