தொப்பிக்கு ஏற்ற தலை

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. ஆண்டவன் கிருபையால் இங்கே எல்லோரும் நலம், நடுவில் நாலு நாள் உன் அத்தானின் தலையைத் தவிர. ஹெல்மெட் இறுக்குகிறதென்று நீயும் மொட்டை போடப்போகிறாயாமே, அதற்குள் இதைப் படித்துவிடு.

இன்று, திங்கட்கிழமை, அத்தான் அலுவலகத்தில் தலைமைக் காவலாளி ஆகவேண்டிய நாள். புதுத் தொப்பியோடு முன்வாசலில் நிற்காவிட்டால் அந்த இடம் பின்வாசல் காவலாளிக்குப் போய்விடும். தொப்பியோ ஓர் அளவு சின்னது. மாற்றிக் கேளுங்கள் என்றேன். "வேலையில சேரறதுக்கு முன்னாடியே குறை சொல்றவன்னு பேர் வாங்கவா?" என்று வியாழக்கிழமை குளியலறைக்குள் போனவர், தண்ணீர்கூடத் தொடாமல், தாடிக்கு வைத்திருந்த பழைய பிளேடால், முடி வளர்ந்த திசைக்கு எதிராக மழித்துத் தள்ளி, அதன்மேல் வாசனைத் தண்ணீரையும் கொட்டிக்கொண்டார். அலறல் கேட்டு ஓடினால் தலை முழுக்கச் சிவப்புச் சிவப்பாகப் பருக்கள்.

ஆனால் தம்பி, நான் கிட்டே குனிந்து பார்த்தது அதற்காக இல்லை. இருபத்தாறு வருஷமாக நான் பார்க்காத தலை! காதுக்குப் பின்னால் கடுகளவு மச்சம். முடிக்கு அடியில், யாரும் பார்க்காத இடத்திலும் ஒரு புள்ளி வைத்து முடித்திருக்கிறான் படைத்தவன். என்னையறியாமல் கை கூப்பினேன்.

"சாமி அப்புறம் கும்பிடுடி, எரியுது!" என்றார்.

மருந்துக்கடைக்காரர், "சொறியக் கூடாது, வாசனை ஆகாது, குளிர்ந்த ஈரத்துணி போடுங்கம்மா" என்றார். எதையும் சரிபார்க்காமல் நம்புகிறவளா நான்? நோட்டில் தலையை வரைந்து நாலாகக் கோடு போட்டேன். ஒரு பாகத்துக்கு ஈரத்துணி, ஒன்றுக்குக் கற்றாழை, ஒன்றுக்குப் பவுடர், ஒன்றுக்குப் பிரார்த்தனை மட்டும். வேளாவேளைக்குப் பருக்களை எண்ணினேன்.

"பின்பக்கம் என்ன பாவம் பண்ணுச்சு? அதுக்கும் துணி போடேன்!"

"கணக்கு கெட்டுடும், அசையாதீங்க."

துணிப் பாகம் வெள்ளி நாற்பத்தொன்று, சனி பதினெட்டு, ஞாயிறு காலை மூன்று. பவுடர் பாகம் ஏறிக்கொண்டே போனது. பிரார்த்தனைப் பாகத்தில் ஆண்டவன் அவசரப்படவில்லை. பிறகு தலை முழுக்கத் துணிதான். இன்று காலை அது கழுவிய பீங்கான்போல மின்னியது. தொப்பியும் கச்சிதம். தோல் தன்னைத்தானே தைத்துக்கொள்கிற அதிசயத்தை நினைத்தால் இன்னும் சிலிர்க்கிறது.

ஆகவே நீ முதலில் கத்தரியால் ஒட்ட வெட்டு, வெந்நீரில் ஊறவிடு, புது பிளேடு, வளர்ந்த திசையிலேயே, அழுத்தாமல். பிறகு குளிர்ந்த தண்ணீர். தீர்க்காயுசாக இரு.

ஆசிகளுடன்,
அக்கா

பி.கு.: அத்தான் இப்போதுதான் வந்தார். பதவி கிடைத்துவிட்டது. முதலில் கொடுத்த தொப்பி ஓர் அளவு சின்னதாயிற்றே என்று மேலாளர் தாமாகவே பெரிய தொப்பி கொடுத்துவிட்டாராம். மொட்டைத் தலையில் அது மூக்குவரை இறங்குகிறது. முடி வளரும்வரை உள்ளே அந்த ஈரத்துணியைக் காயவைத்து மடித்து வைக்கிறேன். மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிட்டு, நீ ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு கடைக்குப் போ.