குறைய மறுத்த ஃப்ரீசர்

பூமியைக் காப்பாற்றுவது என்று அந்த ஆராய்ச்சி நிலையம் ஒரு செவ்வாய்க்கிழமை முடிவு செய்தது. அதற்கு முன்னாலேயே செய்திருக்கலாம்தான். கூட்ட அறை காலியாக இல்லை.

முடிவு எடுத்த கையோடு பசுமை அதிகாரி ஒருவரை நியமித்தார்கள். அதுவரை அவர் வாகன நிறுத்துமிடத்தைக் கவனித்து வந்தவர். நிலையத்தில் இருந்த ஏழெட்டு மரங்களும் அங்கேதான் இருந்தன என்பதால், இயற்கையோடு நீண்ட அனுபவம் உள்ளவர் என்று கருதப்பட்டார். அவரும் பச்சைச் சட்டை நாலு தைத்துக்கொண்டு, முதல் சுற்றறிக்கையை வெளியிட்டார்.

"இந்நிலையத்தின் சகல ஆய்வகங்களும் தத்தம் மின் நுகர்வை, அடிப்படை மாதமாகிய இம்மாதத்தோடு ஒப்பிட்டு, முப்பது சதவீதம் குறைத்தல் வேண்டும். அதிகம் குறைக்கும் ஆய்வகத்துக்கு முதல் பரிசு வழங்கப்படும். குறைக்கத் தவறும் ஆய்வகத்தில் எந்த உபகரணம் அதிக மின்சாரம் உண்கிறதோ, அது முன்னறிவிப்புடன் அப்புறப்படுத்தப்படும்."

சுற்றறிக்கை நெடுநாள் நிலைத்திருக்க வேண்டும் என்று ஒவ்வொரு பிரதிக்கும் பிளாஸ்டிக் உறை போட்டிருந்தார்கள்.

ஒரே வாரத்தில் நிலையம் பச்சைப் பசேலென்று ஆகிவிட்டது. மூங்கில் பேனா வைத்திருக்காதவரை யாரும் மதிக்கவில்லை. ஆய்வக மேஜைகளில் பூந்தொட்டி ஏறியது. கீழ்த்தளத்து ஆய்வகம் ஒன்றில் தொட்டி மண்ணிலிருந்த பூஞ்சை பறந்துபோய் எல்லாக் கண்ணாடித் தட்டுகளிலும் குடித்தனம் ஆரம்பித்தது. மூன்று பேருடைய வேலை நாசமானது. அறிக்கையில் அதைப் 'பல்லுயிர்ப் பெருக்கம்' என்று எழுதினார்கள்.

இந்தச் சுற்றறிக்கையைப் படித்து மனசார சந்தோஷப்பட்ட ஒரே ஆள், இரண்டாம் மாடியில் இருந்த மிச்சம் மேடம்.

அவருக்கு அந்தப் பெயர் சும்மா வரவில்லை. ஒருமுறை எழுதிய காகிதத்தின் பின்பக்கம் எழுதுவார். கண்ணாடிக் குழாய்களைக் கழுவிக் கழுவி, மேலே இருந்த அளவுக் கோடெல்லாம் அழிந்து, டெக்னீஷியன் மனக்கணக்கில்தான் ஊற்றுவான். விஷவாயுவை உறிஞ்சும் காற்றுக்கூண்டின் கண்ணாடிக் கதவு அங்குலம் திறந்திருந்தாலும் அவருக்குச் சோறு இறங்காது. அந்த அறையில் ஒரே ஒரு ஃப்ரீசர். உப்புத் தண்ணீரிலும் பயிரின் வேரை உயிரோடு வைத்திருக்கும் பாக்டீரியா வகைகளை அவர் கடலோரமெல்லாம் அலைந்து சேர்த்து, அதில்தான் அடுக்கி வைத்திருந்தார். மற்றவர்கள் மைனஸ் எண்பதில் ஓட்டும்போது, மைனஸ் எழுபதே போதும் என்று சோதித்துப் பார்த்து அப்படியே ஓட்டி வந்தார். பனி கட்டினால் தன் கையாலேயே சுரண்டுவார். உள்ளே ஒரு தீப்பெட்டி வைக்கக்கூட இடம் இருக்காது.

"முதல் பரிசு நமக்குத்தாண்டா," என்றார் டெக்னீஷியனிடம். "எதுக்கும் அதிகாரி பாக்க வர்ற அன்னிக்கு அந்த ஒரு லைட்டையும் அணைச்சிடு."

பசுமை அதிகாரி ஆய்வுக்கு வந்தபோது அறை இருட்டாக இருந்தது. ஒரு ஸ்டூலில் முட்டி இடித்துக்கொண்டுதான் உள்ளே வந்தார்.

"மேடம், இங்க எதைக் குறைச்சீங்க?"

"குறைக்க ஒண்ணுமே இல்ல சார்," என்றார் மேடம், பெருமையாக. "எல்லாம் வருஷக்கணக்கா குறைச்சேதான் இருக்கு."

"அது சரி. அடிப்படை மாசத்துக்கு அப்புறம் எதைக் குறைச்சீங்க?"

"அதான் சொல்றேனே சார். முன்னாடியே..."

"முன்னாடி பண்ணதை எல்லாம் நான் எப்படி எடுத்துக்க முடியும் மேடம்? பசுமைத் திட்டம் போன மாசம்தான ஆரம்பிச்சுது? அதுக்கு முன்னாடி நீங்க மிச்சம் பிடிச்சது எந்த விதியின் கீழ்?"

அதிகாரி ஃப்ரீசர் பக்கம் திரும்பினார்.

"சரி, ஃப்ரீசரைப் பாப்போம். மைனஸ் எண்பதிலேருந்து எழுபதுக்கு வந்தா பத்து பாயிண்ட்."

"எழுபதுலதான் சார் இருக்கு!"

"இருக்கீங்க. ஆனா வரலையே. எண்பதுல இருந்தவங்கதான் எழுபதுக்கு வர முடியும். நீங்க எழுபதுலேயே உட்கார்ந்திருந்தா எங்கேருந்து வருவீங்க?" அதிகாரி கொஞ்சம் யோசித்தார். அவர் ஒன்றும் கெட்டவர் இல்லை. "ஒண்ணு பண்ணுங்க. அம்பதுக்கு வந்துடுங்க."

"செத்துடும் சார்."

"எது?"

"பாக்டீரியா."

"பாக்டீரியா செத்தா நல்லதுதான மேடம்?"

அடுத்த அறை, எல்லாரும் 'மகாராஜா' என்று கூப்பிடும் விஞ்ஞானியுடையது. அவருடைய ஆய்வகத்தில் ஐந்து ஃப்ரீசர்கள் இரவும் பகலும் இரைந்துகொண்டிருக்கும். உள்ளே என்ன இருக்கிறது என்று அவருக்கே ஞாபகமில்லை. வாங்கிய வருஷம் மட்டும் ஞாபகமிருந்தது. அதிகாரி வருகிறார் என்றதும் இரண்டின் ஒயரைப் பிடுங்கி வராந்தாவில் தள்ளிவிட்டிருந்தார். நாற்பது சதவீதக் குறைப்பு. அதிகாரிக்குக் கண் கலங்கிவிட்டது.

"இவரைப் பாத்து கத்துக்கோங்க மேடம்."

அன்று மாலையே மிச்சம் மேடத்தின் ஃப்ரீசர் கதவில் சிவப்பு வில்லை ஒட்டப்பட்டது: 'ஒத்துழைக்காத உபகரணம். மூன்று மாதத்தில் அப்புறப்படுத்தப்படும்.'

மேடம் வீட்டுக்குப் போகும் வழியில், தம்பி நடத்தும் ஜிம்முக்குள் போய், ஓடும் மிஷின் மேல் உட்கார்ந்துவிட்டார். அது ஓடவில்லை, ஓடியிருந்தாலும் அவர் கவனித்திருக்க மாட்டார். சுவரெல்லாம் போட்டோக்கள். இடது பக்கம் தொப்பை, கீழே 'முன்பு'. வலது பக்கம் தொப்பை இல்லாமல் அதே ஆள், கீழே 'பின்பு'.

முழுக் கதையையும் கேட்டுவிட்டு, தம்பி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னான்:

"அக்கா, நீ படிச்சது அவ்வளவும் வேஸ்ட். நான் வருஷா வருஷம் எடை குறைப்புப் போட்டி வைக்கிறேன்ல, அதுல யாரு ஜெயிக்கிறா தெரியுமா?"

"ஒழுங்கா எக்சர்சைஸ் பண்றவன்."

"மண்ணாங்கட்டி. போட்டிக்கு முந்தின மாசம் மூக்குப்பிடிக்கத் தின்னு பதினஞ்சு கிலோ ஏத்திட்டு வர்றவன்தான் ஜெயிக்கிறான். உன்னை மாதிரி ஒல்லிப்பிச்சான் ஒருத்தன் வந்து 'சார், நான் எப்பவும் இப்படித்தான்'னா, நான் எந்த போட்டோவை சுவத்துல மாட்டறது? முன்பு இல்லாதவனுக்கு பின்பு கிடையாதுக்கா."

மேடம் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் விதிமுறையைப் புரட்டினால், தன் அடிப்படை மாதம் சரியில்லை என்று நினைக்கும் ஆய்வகம் இன்னொரு மாதம் கேட்டுப் பெறலாம் என்று இருந்தது. பசுமை அதிகாரி சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டார். "இப்பதான் மேடம் நீங்க ஒத்துழைக்க ஆரம்பிச்சிருக்கீங்க."

அந்த மாதம் மிச்சம் மேடம் பட்ட பாடு எதிரிக்கும் வரக்கூடாது. மகாராஜா வராந்தாவில் தள்ளிய இரண்டு காலி ஃப்ரீசர்களையும் உள்ளே இழுத்து, மைனஸ் எண்பதில் வைத்து, கதவைத் திறந்தே விட்டார்கள். காற்றுக்கூண்டு பகலெல்லாம் வாயைப் பிளந்துகொண்டு நின்றது. ஓவனில் வெறும் காற்றை வறுத்தார்கள். நீராவிக் கொப்பரையில், ஏற்கனவே கிருமி நீக்கிய தண்ணீரை மறுபடி மறுபடி கிருமி நீக்கினார்கள். ஏசியைப் போட்டு, குளிர்கிறதென்று ஹீட்டரையும் போட்டார்கள்.

டெக்னீஷியனுக்கு ஒரே கொண்டாட்டம். மேடத்துக்குத்தான் கை நிற்கவில்லை. நடக்கிற வாக்கில் தன்னையறியாமல் ஏதாவது ஒரு சுவிட்சை அணைத்துவிடுவார்.

"மேடம்! கை, கை!"

"பழக்கதோஷம்டா."

"நம்ம பாக்டீரியாவை நினைச்சுக்கங்க மேடம். போடுங்க."

மேடம் கண்ணை மூடிக்கொண்டு போடுவார்.

விஷயம் எத்தனை நாள் மூடியிருக்கும்? இரண்டாம் வாரத்திலேயே எல்லா ஆய்வகமும் இன்னொரு அடிப்படை மாதம் கேட்டு விண்ணப்பித்துவிட்டது. மகாராஜா வந்து, "என் ஃப்ரீசரைக் குடுங்க. எனக்கும் அடுத்த தடவைக்குக் குறைக்க ஏதாவது வேணுமில்ல," என்று மல்லுக்கு நின்றார். கடைசியில் ஆளுக்கொன்றாகப் பிரித்துக்கொண்டார்கள். வேறு வழியில்லாதவர்கள் புது ஃப்ரீசர் கேட்டு எழுதினார்கள். 'எதற்காக?' என்ற கட்டத்தில் 'குறைப்பதற்காக' என்று எழுதியவர்களுக்கு உடனே அனுமதி கிடைத்தது.

மாதக் கடைசியில், ஒரு நாள் காலை, கட்டடத்துக்குப் பின்னாலிருந்த டிரான்ஸ்ஃபார்மர் 'டொப்' என்றது. அப்புறம் ஒரு சத்தமும் இல்லை. இத்தனை வருஷத்தில் முதல் முறையாக அந்த நிலையத்தில் குருவி கத்துவது கேட்டது.

"ஜெனரேட்டரைப் போடுங்க!" என்று எல்லா மாடியிலிருந்தும் கத்தினார்கள்.

"அது புகை விடும்," என்றார் பசுமை அதிகாரி. "என் காலத்துல அதுக்கு அனுமதி இல்லை."

மிச்சம் மேடம் ஓடிப்போய்த் தன் ஃப்ரீசர் கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துகொண்டார். மற்ற ஃப்ரீசர்களில் பாதி காலி, பாதி திறந்து கிடந்தது. கொஞ்ச நேரத்திலேயே தண்ணீர் சொட்ட ஆரம்பித்துவிட்டது. அவருடையது மட்டும் இண்டு இடுக்கில்லாமல் நிறைந்திருந்ததால், உள்ளே இருந்த குப்பிகள் குளிரோடு ஒன்றையொன்று கட்டிப்பிடித்துக்கொண்டு கிடந்தன. கதவை யாரும் திறக்காமல் இருந்தால் சாயங்காலம்வரை தாங்கும்.

பசுமை அதிகாரி அங்கே வந்தார்.

"கொஞ்சம் நகருங்க மேடம். உள்ள குளிர் இருக்கான்னு திறந்து பாத்து எழுதணும்."

"திறக்காதீங்க சார்."

"திறந்தாதான தெரியும்?"

"திறந்தா தெரிஞ்சிடும் சார். ஆனா அப்புறம் இருக்காது."

"இல்லாத குளிரை இருக்குன்னு நான் எழுத முடியாது மேடம்."

"இருக்கிற குளிரை இல்லாம பண்ணிட்டு, இல்லைன்னு எழுதறதுக்கா இவ்வளவு தூரம் மாடி ஏறி வந்தீங்க?"

அதிகாரி யோசித்தார். இதற்கு விதி எதுவும் இல்லை. "சரி, 'உபகரணத்தின் முன் அலுவலர் அமர்ந்திருந்தார்'னு எழுதிக்கிறேன்," என்று சொல்லிவிட்டு இறங்கிப்போனார்.

சாயங்காலம் மின்சாரம் வந்தது. மேடத்தின் பாக்டீரியா அத்தனையும் பிழைத்தது. மற்ற ஆய்வகங்களில் பல வருஷ உழைப்பு கூழாகிப்போனது. மகாராஜாவுக்கு மட்டும் நஷ்டமே இல்லை. அவருடைய மற்ற ஃப்ரீசர்களிலும் எதுவும் இருக்கவில்லை என்பது அப்போதுதான் தெரிய வந்தது.

பசுமை அதிகாரி மேலிடத்துக்கு எழுதிய அறிக்கை இது: "குறிப்பிட்ட தினத்தன்று இந்நிலையம், அலுவலர்கள் அனைவரின் கூட்டு முயற்சியால், நூறு சதவீத மின் குறைப்பை எய்தியது என்பதைப் பெருமையுடன் தெரிவித்துக்கொள்கிறேன்."

மேலிடம் மகிழ்ந்தது. 'இதை எல்லா இடங்களுக்கும் விரிவுபடுத்துக' என்று ஓரத்தில் எழுதி அனுப்பியது.

அடுத்த மாதம் மேடம் எல்லாவற்றையும் அணைத்தார். ஓவன், கொப்பரை, ஹீட்டர், கடன் வாங்கிய ஃப்ரீசர், எல்லாம். அதாவது முன்னால் எப்படி இருந்தாரோ அப்படியே ஆனார். தொண்ணூறு சதவீதக் குறைப்பு! நிலையத்திலேயே முதலிடம். பட்டப்பகலில் திரையை மூடி, விளக்கெல்லாம் போட்டு, ஏசி அரங்கத்தில் விழா நடந்தது. மேடை நடுவில் ஆளுயரப் போட்டோ இரண்டு: முன்பு, பின்பு. முன்பு போட்டோவில் திறந்து கிடந்த ஃப்ரீசர் கதவைப் பார்த்ததும் மேடம் பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

"ஊதாரித்தனத்தில் ஊறிப்போயிருந்த ஓர் ஆய்வகம்," என்று பசுமை அதிகாரி மைக்கில் தழுதழுத்தார், "திருந்தி வந்த கதை இது!"

கைதட்டல் அடங்கியதும், மேடம் மெதுவாகக் கேட்டார்: "சார், ஃப்ரீசர்ல இருக்கிற சிவப்பு வில்லை?"

"எடுத்தாச்சு மேடம். அது இப்ப ஒத்துழைச்ச உபகரணம்."

மேடத்துக்கு உயிர் வந்தது.

"அடுத்த வருஷம் இதுலேருந்து இன்னொரு முப்பது," என்றார் அதிகாரி, கேடயத்தை நீட்டியபடி.

"எதுலேருந்து?"

"இந்தப் 'பின்பு'லேருந்து. இதுதான் இனிமே உங்க 'முன்பு'."

பக்கத்து நாற்காலியிலிருந்து மகாராஜா குனிந்தார். "கவலைப்படாதீங்க மேடம். நான் எட்டு ஃப்ரீசருக்கு எழுதியிருக்கேன். வந்ததும் உங்களுக்கு ரெண்டு தரேன்."

கேடயத்தைத் தூக்கிக்கொண்டு மேடம் தெருவுக்குள் நுழையும்போது, வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. ஆனால் ஒவ்வொரு வீட்டிலும் விளக்கு எரிந்தது. வாசல் விளக்கு, மாடி விளக்கு, மொட்டைமாடி விளக்கு. எல்லா ஜன்னலும் திறந்திருக்க, ஏசி ஓடிக்கொண்டிருந்தது.

அவர் வீட்டில் அத்தனை மின்விசிறியும் ஆளில்லாமல் சுற்றின. இஸ்திரிப் பெட்டி தனியாகச் சூடாகிக்கொண்டிருந்தது. இருபது வருஷமாக இருட்டிலேயே சாப்பிட்டுப் பழகிய கணவர், நடுக் கூடத்தில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"என்னங்க இது!" மேடத்தின் கை தானாகச் சுவிட்சுக்குப் போனது.

"தொடாதே! மின்சார ஆபீஸ்லேருந்து வந்து சொல்லிட்டுப் போயிருக்காங்க. யாரு அதிகமாக் குறைக்கிறாங்களோ அவங்களுக்குத்தான் சலுகையாம். குறைக்காத வீட்டுல ஃப்ரிட்ஜைத் தூக்கிட்டுப் போயிடுவாங்களாம். ஏதோ ஆராய்ச்சி நிலையத்துல பண்ணி நூறு சதவீதம் வெற்றியாம். இந்த மாசம்தான் நம்ம தெருவுக்கு அடிப்படை மாசம்."

மேடத்தின் கை சுவிட்சின் மேலேயே கொஞ்ச நேரம் நின்றது. அப்புறம் மெதுவாக இறங்கியது. கேடயத்தை மேஜைமேல் வைத்துவிட்டு, நிபுணர் பார்வையோடு வீட்டை ஒரு சுற்றுச் சுற்றிவந்தார்.

"பாத்ரூம் கீசரை மறந்துட்டீங்களே," என்று சொல்லிவிட்டு, போய்ப் போட்டார்.